சண்டைக்கு நடுவே ஒரு ஸ்டூல்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சண்டையைக்கூட உருப்படியாக நடக்கவிடாத ஒரே பிறவி எங்கள் ஆராய்ச்சிதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மேன்ஷனில் நானும் அவனும் ஒரே அறை. எனக்கு உரக்கடையில் வேலை. அவனுக்கு, பள்ளிப் பிள்ளைகள் ஏன் ஒருத்தரை ஒருத்தர் மிரட்டுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அதனால் எல்லோருக்கும் அவன் 'ஆராய்ச்சி'; பெற்றவர்கள் வைத்த பெயர் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது.

எங்காவது குரல் உயர்ந்தால் போதும், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கோபக்காரர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். "இப்பக் கை ஓங்கினீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மனசுல என்னங்க ஓடுச்சு?" என்பான். கேலியே கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

கடத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். சின்னப் பிள்ளைகளின் சத்துணவு முட்டையைப் பிடுங்கித் தின்றே வளர்ந்தவன். அவனிடம் போய், "தம்பி, அந்தச் சின்னவரு அழுவறப்பச் சாப்பிட்ட முட்டை ருசியா இருந்துச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறான். பிறந்ததிலிருந்து யாரும் 'ங்க' போட்டுப் பேசாத பையன் அரண்டுபோனான்.

"சார், வேணும்னா ரெண்டு அடி அடிச்சிடுங்க. இப்பிடி மரியாதையாக் கேக்காதீங்க, பயமா இருக்குது" என்று அன்றைக்குப் பிடுங்கிக் கையில் வைத்திருந்த முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதியமான்கோட்டை டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கும், துண்டின் மேலேயே உட்கார்ந்தவருக்கும் கைகலப்பு. ஆராய்ச்சி நடுவில் குந்தி விசாரித்தான். இருவரும் உடனே சமாதானமாகி, ஒன்றாகச் சேர்ந்து இவனைத் திட்டினார்கள்.

இப்பேர்ப்பட்டவன் தன் கைடு முன்னால் மட்டும் பூனை. அந்தப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். கடைசி அத்தியாயம் அவர் வீட்டு மேசையில் மாதக்கணக்காகத் தூங்கியது. கேட்டால், "காரிமங்கலம் சந்தையில தக்காளி வாங்கியா, அப்புறம் பாக்கலாம்" என்பார். இவனும் கூடையைத் தூக்குவான். உதவித்தொகையும் நின்றுபோய், படித்தது போதும், ஊருக்கு வா என்று வீட்டில் நெருக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிரட்டறதப் பத்திப் படிக்கறவன் நீ. உனக்கே நடக்குதேடா, தெரியலயா?"

"தெரியுதுங்க. ஆனா அவரு பெரியவருங்களே."

அடுத்த சந்தை நாளில் நானும் துணைக்குப் போனேன். பஸ் நெரிசலில் தக்காளி நசுங்கிவிட்டது. கைடு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தக்காளி பாத்து வாங்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் டாக்டர் பட்டமா?"

நான் முஷ்டியை மடக்கினேன். ஆராய்ச்சி கூடையை இறக்கிவைத்தான். வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, இப்பத் திட்டினீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மனசுல என்னங்க ஓடுச்சு?"

போச்சு, பட்டமும் போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து, நசுங்கிய தக்காளி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"என்னோட கைடு என்னைய அவரு வூட்டு மாட்டுக்குப் புல்லறுக்க வுட்டாருப்பா. அந்தாளு ஞாபகந்தான் வந்துச்சு" என்றார். பிறகு உள்ளே போய் அந்த அத்தியாயத்தை எடுத்துவந்து, அங்கேயே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். நடுவில் நிமிர்ந்து, "என்னையும் இதுல சேத்துக்குவியா?" என்றார்.

"முடியாதுங்கய்யா. பதினெட்டு வயசுக்கு உட்பட்டவங்கதான்."

பட்டம் வாங்கி வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். அறையில் தன் ஸ்டூலை மட்டும் விட்டுவிட்டுப் போனான். உரக்கடையில் யாரிடமாவது கத்திவிட்டு வருகிற நாட்களில் அதைக் காலியாக எதிரே இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்காருகிறேன். அவன் வந்து கேட்டால் தேவலை என்றிருக்கிறது.