டயர்க்காரரின் விமானப் பயணம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். படித்து அச்சில் போடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்லில் எந்தப் பழைய பொருளையும் தூக்கி எறியாத ஒரே மனிதர் எங்கள் டயர்க்காரர்தான். தேய்ந்த லாரி டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி, சூட்டில் வேகவைத்துத் தருவது அவர் தொழில்; அவர் பட்டறையில்தான் எனக்கு வேலை. அடியில் இருக்கும் பழைய கூட்டைக் கேசிங் என்போம். கேசிங் நன்றாக இருந்தால் உலகத்தில் எதையும் புதுசாக்கலாம் என்பது அவர் கொள்கை. செருப்பு, வாளி, கட்டில் கால் எல்லாவற்றுக்கும் ரப்பர் ஒட்டிவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனின் தோளைத் தட்டி, "கேசிங் நல்லாருக்குதுங்க" என்றார். தரகர் தண்ணீர் கேட்டார்.

அவரிடம் பழைய கிரெடிட் கார்டு ஒன்று உண்டு. வட்டி குறைவு; வேறு பெருமை எதுவும் கிடையாது. பேங்கிலிருந்து ஒரு பெண் அடிக்கடி போன் செய்து, அதைப் பாயிண்ட் தரும் கார்டாக மாற்றச் சொன்னாள். பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட்.

"ஏனுங்க அம்மிணி, கேசிங் பழசுதானே? மேலதானே புதுசு?"

அவளுக்கு என்ன புரிந்ததோ, "ஆமாங்க சார்" என்றாள்.

அன்றிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்று அவளிடம் கேட்டார். டீக்கடையில், "நம்மூரு மலைக்கோட்டைக்கு மேல போறப்ப கையாட்டறேன், பாத்துக்கங்க" என்றார். விமானத்தில் வேட்டி கட்டலாமா என்று லாரி டிரைவர்களை எல்லாம் விசாரித்தார்.

எனக்கு மட்டும் அந்தப் புதுக் கார்டு பிடிக்கவில்லை. என் மனைவியின் ஆபரேஷனுக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் அவர் தேய்த்தது அந்தப் பழைய கார்டைத்தான். பாக்கியை மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். வட்டி ஏறினால் என்னால் தாங்க முடியாது. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டார் என்று பேங்குக்கும் கூடவே போனேன். போன் செய்த அதே பெண்தான் விண்ணப்பப் பாரத்தை நீட்டினாள்.

பாரத்தில் கையெழுத்துப் போடும்போது அவரே கேட்டார். "பழைய பாக்கிக்கு வட்டி அதேதானுங்களே?"

"இல்லீங்க சார். எல்லாமே புது கார்டு வட்டிக்கு வந்துரும். கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்ப கேசிங்கையே மாத்தறீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"வேண்டாம் அம்மிணி. எனக்கு ஒசரம் ஒத்துக்காது. தல சுத்தும்."

"ஜன்னல் சீட்டு கேட்டீங்களே சார்?"

"அது இவனுக்குக் கேட்டேன்."

'மாத்திக்குங்கண்ணா, வட்டிய நான் பாத்துக்கறேன்' என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பாரத்தை எடுத்து அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்ததும், "வா சாமி, டயர் வேகுது" என்று வண்டியை எடுத்துவிட்டார். டீக்கடையில் கேட்டவர்களுக்கு, "மேல பஞ்சரானா யாரு பாக்கறது?" என்று ஒரே பதில்.

அந்தப் பாக்கி போன மாதம் தீர்ந்தது. அதற்குப் பிறகு பல தடவை அவர் எதிரே போய் நின்று, பசை டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையை டீக்கடையில் முதலில் புரட்டுகிறவர் அவர்தான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, இனி நீங்கள் கார்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிறு.