பிந்திக் கூப்பிட்ட டெப்

அன்றும் டெப் இருபது நிமிடம் பிந்தித்தான் கூப்பிட்டது.

"எந்திரிங்க. பெரட்டுக்கு நேரமாச்சு. இன்னும் என்ன தூக்கம்?"

ஷாமிளாவின் குரல். கணவனை எழுப்ப அந்த மலிவுக் கைக்கணினி டெப்பில் அலாரமாக, விளையாட்டாகப் பதிந்து வைத்தது. அவள் இறந்து எட்டு மாதம். அந்தக் குரல் கேட்டால்தான் துஷ்யந்தன் கட்டிலை விட்டு இறங்குவான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் அது கூப்பிடவில்லை. அன்று முழுதும் அவன் எழுந்திருக்கவில்லை. மறுநாள் தானாகவே சரியாகிவிட்டது.

"சரி, எந்திரிச்சிட்டேன்" என்றான். குரல் நின்றது. மலிவுதான், ஆனாலும் சொன்னால் கேட்டது. அதற்கு அவன் நன்றியோடு இருந்தான்.

காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இறப்பர் பால்வெட்டுக்காரர்கள் காத்து நின்றார்கள். பெயர் கூப்பிட வேண்டிய சூப்பவைசர் அவன். பின்னாலேயே பக்கத்துக் காம்பரா வீட்டு வெள்ளையம்மாவும் ஓடி வந்தார்.

"இறப்பர் மரம் நமக்காகக் காத்திருக்காது துஷ்யந்தன்" என்றார் தோட்டத்துத் தொரை.

அலாரத்தை அரை மணி முன்னே தள்ளினான். டெப் பழைய நேரத்துக்கே கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவேயில்லை.

யட்டியாந்தோட்டை போன் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்கார முக்தார் நானா புரட்டிப் பார்த்தார்.

"உள்ள ஈக்கிற சொப்ட்வெயார் குப்ப தம்பி. வேற ஒண்டு ஏத்தினா பறக்கும்."

"குரல் போயிராதே நானா?"

"எல்லாத்தையும் கார்டுல எடுத்துட்டுத்தானே ஏத்துவன்."

ஏற்றினார். டெப் பறந்தது, சீன எழுத்தில். அதைப் போக்க இன்னொன்றை ஏற்றினார். திரை தலைகீழானது.

"இப்பிடித் திருப்பிப் பிடிச்சா சரிதானே" என்றார் முக்தார்.

மூன்றாவதை ஏற்றினார். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, கறுத்தது.

"கார்டு நானா?"

"போட்டோ எல்லாம் ஈக்கி. குரல் எண்டு ஒண்டு இதுல இருக்கவே இல்லயே தம்பி."

"இன்னைக்குக் காலையிலகூடக் கூப்பிட்டுச்சு."

முக்தார் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, கறுத்த டெப்பைச் சுவர்த் தட்டில் பழைய இடத்திலேயே வைத்தான். வரிசை வீடான லயத்தில் காம்பராக்களின் இடைச்சுவர் கூரை வரை போவதில்லை. மேலே இருந்த இடைவெளி வழியாக வெள்ளையம்மா கேட்டார்:

"டெப்பு சரியாச்சா தம்பி?"

"செத்துப்போச்சுக்கா. இனிக் கூப்பிடாது."

அந்தப் பக்கம் விளக்கு அணைந்தது.

விடியக்காலை, சரியாக ஐந்து மணி.

"எந்திரிங்க. பெரட்டுக்கு நேரமாச்சு. இன்னும் என்ன தூக்கம்?"

துள்ளி எழுந்து டெப்பைக் காதில் வைத்தான். சில்லென்று, ஊமையாக இருந்தது. குரல் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

"சரி, எந்திரிச்சிட்டேன்" என்றான் கூரையைப் பார்த்து.

குரல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா இருமினார்.

"ஷாமிளா அந்தக் குரல என் போனுக்கும் அனுப்பியிருந்துச்சு தம்பி, மூணு மாசமா அதத்தான் போட்டு விடுறேன், பிந்தினதெல்லாம் நான்தான், அந்தப் புள்ள இல்ல."