இருவாச்சியின் பனிவண்டி

ஒரு காட்டில் பனி பெய்ததே கிடையாது. மார்கழி விடியலில் புல் நுனியில் ஒட்டிக்கொண்டு, வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் காணாமல் போகிற பனியைச் சொல்லவில்லை. வடக்கே எங்கேயோ முழங்கால் ஆழத்துக்குக் கொட்டி, வீட்டுக் கதவைத் திறக்கவிடாமல் அடைக்கிறதாமே, அந்தப் பனியைச் சொல்கிறேன். பொதிகை அடிவாரத்தில் இருந்த இந்தக் காட்டில் மழை பெய்யும், சருகு பெய்யும், மேல் கிளையில் குரங்கு உட்கார்ந்திருந்தால் வேறு சிலதும் பெய்யும். பனி மட்டும் பெய்ததில்லை.

அந்தக் காட்டின் பேரூராட்சிக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. விதிகளெல்லாம் ஓட்டை உடைசலாகிவிட்டன, கட்டணங்களெல்லாம் கொள்ளுத்தாத்தா காலத்தவை, இரண்டையும் உடனே புதுப்பிக்காவிட்டால் மானியம் கிடையாது என்று எழுதியிருந்தது. தலைவர் காட்டெருமை வீரபாகுவுக்கு மானியம் என்றால் உயிர். செயல் அலுவலர் மரநாய் சந்தனத்துக்கு எழுதுவது என்றால் உயிர் போகும். ஆகவே சந்தனம், குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்குகிற ஒரு வாலாட்டிக் குருவியைப் பிடித்து, அதன் சொந்த ஊர் விதிப்புத்தகத்தை வாங்கினார். அந்த ஊர்ப் பெயரை அடித்துவிட்டு நம் ஊர்ப் பெயரை எழுதினார். வேலை முடிந்துவிட்டது என்று மதியத் தூக்கத்துக்குப் போனார்.

வாலாட்டிக் குருவியின் ஊர் பனிக்காடு. புத்தகத்தில் முக்கால்வாசி பனிவண்டியைப் பற்றியது. சக்கரமே இல்லாமல் பனிமேல் வழுக்கிக்கொண்டு பாய்கிற மோட்டார் வண்டி அது. எந்தத் தெருவில் ஓட்டலாம், என்ன வேகத்தில் ஓட்டலாம், பக்கத்து வீட்டுக்காரன் தூங்கும்போது உறுமவிட்டால் என்ன தண்டம், வைத்துக்கொள்ள என்ன கட்டணம் என்று பக்கம் பக்கமாக இருந்தது.

மன்றக் கூட்டத்தில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. வடை ஆறுவதற்குள் முடிக்கவேண்டுமே என்று கை தூக்கினார்கள், கை இல்லாதவர்கள் வாலைத் தூக்கினார்கள். முள்ளம்பன்றி உறுப்பினர் மட்டும் பனிவண்டி என்றால் என்ன என்று கேட்டார். மன்றத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் மனமில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் மச்சினன் வீட்டில்கூட ஒன்று நிற்பதாகவும், நல்ல உழைக்கிற வண்டி என்றும் சொன்னார். முள்ளம்பன்றி தனக்கும் ஏதோ கேள்விப்பட்ட ஞாபகம் இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

வருஷக் கடைசியில் பார்த்தால் பனிவண்டிக் கட்டணமாக ஒரு பழம்கூட வரவில்லை. அந்தக் காட்டில் எல்லாக் கட்டணமும் பழம்தான். வேறு ஊராக இருந்தால், யாரிடமும் வண்டி இல்லை போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். சந்தனம் அப்படி லேசாக விடுகிற ஆள் இல்லை. ஒருவன் இல்லை என்றால் ஒருவேளை இல்லாமல் இருக்கலாம், ஊரே சேர்ந்து இல்லை என்றால் ஊரே சேர்ந்து மறைக்கிறது என்று கண்டுபிடித்தார். உடனே அறிவிப்பு ஒட்டப்பட்டது. பனிவண்டி வைத்திருப்பவர்கள் கட்டணம் கட்டி உரிமம் வாங்கவேண்டும். வைத்திருக்காதவர்கள், வைத்திருக்கவில்லை என்று சான்றிதழ் வாங்கவேண்டும். இரண்டில் ஒன்று கையில் இல்லாதவர்கள் பொது அத்திமரத்தில் வாய் வைக்கக்கூடாது. சான்றிதழ் முற்றிலும் இலவசம்.

இலவசம் என்று படித்ததும் இருவாச்சிப் பறவை கொம்பையாவுக்கு நிம்மதியாக இருந்தது. அவன் அவ்வளவு அப்பாவி.

கொம்பையாவின் குடும்ப நிலவரத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். இருவாச்சிப் பெண் முட்டையிடுகிற காலத்தில் மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைப்பாள். உள்ளே இறகெல்லாம் உதிர்ந்து, மொட்டையாக, பறக்கமுடியாமல் இருப்பாள். வெளியே இருக்கிற புருஷன்தான் நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டவேண்டும். கொம்பையாவின் மனைவி பேச்சி அப்படித்தான் உள்ளே இருந்தாள். அவளோடு இரண்டு குஞ்சுகளும் இருந்தன, இரண்டுக்கும் வயிற்றைத் தவிர வேறு உறுப்பு இருப்பதாகவே தெரியவில்லை. கொம்பையா நம்பியிருந்தது அந்த அத்திமரத்தை.

மரத்தடியில் காவலுக்கு இருந்த மந்தி, சான்றிதழ் இல்லாமல் கிளையில் காலே வைக்காதே என்று விரட்டிவிட்டது. கொம்பையா பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனான். சான்றிதழ் வரிசை ஓடையைத் தாண்டி நின்றது. உரிமம் கொடுக்கிற ஜன்னலில் ஈ காக்கை இல்லை, ஒரு சிலந்தி மட்டும் வலை பின்னிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற முயல், ஆய்வு என்று ஆட்கள் வந்து தன் வளையை முழுசாகத் தோண்டிப்போட்டுவிட்டார்கள் என்று சொல்லி அழுதது. அதற்கு முன்னால் நின்ற ஆமையிடம், ஓட்டைக் கழற்றி உள்ளே வண்டி இல்லை என்று காட்டினால்தான் ஆச்சு என்று சொல்லியிருந்தார்களாம். ஆமை கழற்ற மனமில்லாமல் மறுபடி மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டிருந்தது.

கொம்பையாவின் முறை வந்து, அவன் வீட்டுக்கு ஆய்வாளர் வந்தார். உடும்பு இருளப்பன் என்று பெயர். பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அந்த வேலை கொடுத்திருந்தார்கள். மரத்தில் ஏறி, பூசி அடைத்த பொந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ள என்னவே இருக்கு?"

"என் பொண்டாட்டிங்கய்யா. குஞ்சு பொரிச்சிருக்கா."

"எல்லாவனும் இப்படித்தான் ஒண்ணைச் சொல்லுதான். சுவரை உடையும், பாத்துட்டுப் போறேன்."

கொம்பையா கெஞ்சினான். சுவரை உடைத்தால் இறகில்லாத பேச்சி பறந்து தப்பமுடியாது, குஞ்சுகளைப் பாம்பு தின்றுவிடும் என்று சொன்னான். செயல் அலுவலரின் இனத்தாருக்கும் குஞ்சென்றால் எவ்வளவு ஆசை என்பதை மட்டும் மரியாதை கருதிச் சொல்லவில்லை. இருளப்பன் மசியவில்லை. உடைக்காவிட்டால் போகிறது, தடவியாவது பார்க்கிறேன் என்று கீறல் வழியாகத் தன் நாக்கை உள்ளே விட்டார். பேச்சி அதில் சரியாக ஒரு கொத்து கொத்தினாள்.

இருளப்பன் வீங்கிய நாக்கோடு கீழே இறங்கி, தன் அறிக்கையை எழுதினார். ‘உள்ளே ஏதோ ஒன்று கொத்துகிறது. பனிவண்டியாக இருக்கலாம்.’ சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது.

அதன்பிறகு கொம்பையா பட்ட பாடு சொல்லி மாளாது. மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினால் சூம்பிப்போன காய்கள்தான் அகப்பட்டன. ஓணான், வெட்டுக்கிளி என்று கிடைத்ததையெல்லாம் கவ்விக்கொண்டு வந்தான். போகவர அலைந்த களைப்பில், கவ்வியதில் பாதியை வழியிலேயே அவன் உடம்பு தின்றுவிட்டது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகள் முதலில் கத்தின, பிறகு முனகின. கத்தியபோது பொறுத்துக்கொண்டவனுக்கு முனகல் பொறுக்கவில்லை. கீறலுக்கு வெளியே உட்கார்ந்து அழுதான். ஒரு நேர்மையான இருவாச்சி, இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னதற்காகவா பிள்ளைகளைப் பட்டினி போடவேண்டும் என்று கேட்டான்.

பேச்சி உள்ளே இருந்தபடியே யோசித்திருந்தாள். நாள் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்தால் யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை.

"அழுதது போதும். போயி, வண்டி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"ஏ பேச்சி, இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்ல? பொய்யில்லா அது?"

"இத்தனை நாளும் உண்மையத்தான சொன்னீக. பிள்ளைக வயிறு நெறஞ்சிட்டா?"

கொம்பையாவின் பரம்பரையில் யாரும் பொய் சொன்னதில்லை. அவ்வளவு பெரிய அலகால் சின்னப் பொய்யைக்கூட மறைக்கமுடியாது என்பது காரணமாக இருக்கலாம். இருந்தும் உரிம ஜன்னலுக்குப் போய், சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்டு வலையை விலக்கி, எனக்கு ஒரு பனிவண்டி இருக்கிறது என்றான்.

அலுவலகமே எழுந்து நின்றது. சந்தனம் தன் நாற்காலியைக் கொடுத்தார். வண்டி எங்கே நிற்கிறது என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார், மரப்பொந்தில் என்றதும், அப்போதே நம் ஆய்வாளர் எழுதிவிட்டாரே என்று இருளப்பனின் முதுகில் தட்டினார். என்ன நிறம், என்ன வயசு, பறவைக்கு எதற்கு வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்து பார்க்கிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. கட்டணப் பழத்தையும் பொது அத்திமரத்திலேயே பறித்துக் கட்டிக்கொள்ளலாம், அது உரிமதாரர்களுக்கான சலுகை என்றார்கள். அவன் கொண்டையில் சிவப்புச் சாயத்தில் எண் எழுதினார்கள். தலைவர் வந்து மாலை போட்டு, பனிவண்டித் துறையில் நம் காடு விழித்தெழுந்துவிட்டது என்று பேசினார். கொம்பையாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மாலை அவன் கழுத்துக்குச் சிறியது, அலகில்தான் தொங்கியது.

அன்றைக்குக் குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்றன. கீறல் வழியாகப் பழம் போகப் போக, உள்ளே முனகல் நின்று, பழைய கத்தல் திரும்பிவந்தது. அதைக் கேட்டபோது கொம்பையாவுக்கு வெட்கம் குறைந்த மாதிரி இருந்தது. முழுசாகப் போகவில்லை. என்றைக்காவது ஒரு நல்ல அதிகாரி வந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டான்.

விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும். மறுநாளே முயல் உரிம ஜன்னலுக்குப் போய்த் தன்னிடமும் வண்டி இருப்பதாகச் சொன்னது. அணில் சொன்னது. குளத்து மீன்கள் சேர்ந்து ஒரு கூட்டு வண்டி வைத்திருப்பதாக எழுதிக்கொடுத்தன. தலைவர், தன்னிடம் ஒன்றுதான் என்றால் கௌரவக் குறைச்சல் என்று இரண்டு பதிவு செய்தார். இருளப்பனும் வீட்டுக்கு அத்திப்பழம் வேண்டுமே என்று, யாருக்கும் தெரியாது என்று நினைத்து மனைவி பெயரில் ஒன்று பதிந்துகொண்டார். ஆமைகூடக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. கட்டண வருமானத்தில் பேரூராட்சி திக்குமுக்காடியது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. பேச்சி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் இருளப்பன் வருடாந்தர வண்டிப் பரிசோதனை என்று மரமேறி வந்தார். பொந்து பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. உள்ளே நாலு அத்திக்கொட்டையும் ஓர் ஓணான் வாலும் தவிர ஒன்றும் இல்லை.

இருளப்பனுக்குப் பழைய நாக்கு வீக்கம் ஞாபகம் வந்தது. வண்டி இல்லாமல் உரிமம் வாங்கியது குற்றம், உரிமம் ரத்து, இந்தக் குடும்பம் இனி அத்திமரத்துப் பக்கமே வரக்கூடாது என்று அடுக்கினார். குஞ்சுகள் அப்போதுதான் கிளைக்குக் கிளை தத்தப் பழகியிருந்தன, தூரமாகப் போய்த் தின்ன அவற்றால் முடியாது. கொம்பையா, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அலகைத் திறந்தான். பேச்சி அவனை ஒரு பார்வை பார்த்து, மூடவைத்தாள்.

"அண்ணாச்சி, தாராளமா வண்டி இல்லன்னே எழுதுங்க. அப்படியே ஊர்ல உள்ள எல்லா வண்டியையும் பாத்து எழுதிருங்க. முதல்ல தலைவர் வீடு, அடுத்தாப்பல உங்க வீட்டு மைனி பேர்ல நிக்கே, அந்த வண்டி. நாங்களும் கூட வாரோம்."

இருளப்பன் வெகுநேரம் மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிடித்தால் விடாதவர் என்று பேரெடுத்தவர் வாழ்க்கையில் முதல்முறையாக விட்டார். அறிக்கையில் எழுதினார்: ‘வண்டி பரிசோதிக்கப்பட்டது. நன்றாக ஓடுகிறது.’ வம்பு எதற்கு என்று மற்ற வீடுகளுக்கும் அதையே எழுதினார்.

அந்த அறிக்கையைப் படித்த சந்தனத்துக்கு மூளை வேலை செய்தது. வண்டிகள் நன்றாக ஓடுகின்றன என்றால், ஓடுவதற்குப் பனி இருக்கிறது. பனி இருக்கிறது என்றால், மற்றவர்கள் நடக்க வழியில்லாமல் அது பாதையை அடைத்துக் கிடக்கிறது. ஆகவே பனி அகற்றும் கட்டணம் விதித்தார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் பரிசோதனை வருமே.

அக்கினி நட்சத்திரத்தில், பாறையில் தோசை வார்க்கலாம் போலிருந்த ஒரு மத்தியானம், மேலிடத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். கொக்கு. நேர்மையானவர் என்று ஊர் ஊராகப் பெயர். தெருத் தெருவாகப் போய்க் குனிந்து பார்த்தார். பொட்டுப் பனி இல்லை. இத்தனை ஊருக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு சுத்தமாகப் பனியை அகற்றிய நிர்வாகத்தைப் பார்த்ததில்லை என்று அங்கேயே மெச்சினார். பிறகு, முதல் உரிமதாரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று அத்திமரத்தடிக்கு வந்து, மேலே பார்த்து, மெய்யாகவே இங்கே வண்டி ஓடுகிறதா, பனி பெய்கிறதா, பயப்படாமல் சொல் என்றார்.

கொம்பையா காத்திருந்த அதிகாரி இவர்தான். சொல்லவேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவன் அலகில் நன்றாகப் பழுத்த ஓர் அத்திப்பழம் இருந்தது. வாயில் தீனியோடு பேசப்போனால் என்ன ஆகும் என்பது பறவைக்குலத்துக்குத் தெரியாததல்ல. எதிர்க்கிளையில் இரண்டு குஞ்சுகளும் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. கொம்பையா ஒரு நிமிஷம் என்று தலையை ஆட்டிவிட்டு, தத்திப்போய், மூத்ததற்கு ஊட்டினான். இளையது இன்னும் உரக்கக் கத்தியது. இன்னொன்று பறித்து அதற்கும் ஊட்டினான். திரும்பிப் பார்த்தபோது கொக்கு, அவன் தலையாட்டியதை ஆமாம் என்று குறித்துக்கொண்டு, ஒற்றைக்காலைச் சொறிந்துவிட்டு, குளத்தங்கரைக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கொம்பையா கூப்பிடவில்லை. இன்னொரு பழம் பறிக்கப் போனான்.

நீதி: எப்போதும் உண்மையே பேசவேண்டும். ஆனால் முதலில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பேசவேண்டும். அதற்குள் கேட்டவர் போயிருப்பார்.