பத்து மணிக் குளவி

உப்புத்தாள் கோணலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை ஒட்டினால் உரிக்க முடியாத பசை அது என்பதைக் கந்தப்பன் ஒட்டிய பிறகுதான் கண்டுபிடித்தார்.

கினிகத்தேனையில் நஸாரின் ஹார்ட்வெயார் கடையில் இருந்ததிலேயே மலிவான, மரம் தேய்க்கும் டிஸ்க் சாண்டர் மெசின் அது. "சுத்துற தட்டுல தாள ஒட்டிட்டு, பலகையக் காட்டுங்க, போதும். வழுவழுன்னு வந்துரும்" என்று நஸார் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் இருந்த விளக்கக் காகிதத்தில் நான்கு படங்கள். நான்கிலும் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன செய்து சிரிக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

மகள் சர்மிளா கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பாள். அவளுக்கு ஒரு மேசை செய்து தருவதாகக் கந்தப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். சாதாரண தரப் பரீட்சைக்குக் கொடுத்த வாக்கு, இப்போது உயர்தரத்துக்கு வந்து நிற்கிறது. இந்த வாரம் தேயிலைப் பக்டரியில் அவருக்குப் பின்னேர வேலை என்பதால் காலை முழுக்கக் கையில் இருந்தது.

பன்னிரண்டு வீடுகள் ஒட்டிய லயத்தின் பின்பக்கம் ஒரு கட்டையில் மெசினைப் பொருத்தி, காலை பத்து மணிக்கு சுவிட்சைப் போட்டார். கோணல் தாள் தட்டோடு சேர்ந்து ஆடியது. "ஙொய்ய்ய்ங்" என்று ஒரு சத்தம் கிளம்பியது.

எதிரே மேட்டு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஓர் அலறல் வந்தது.

"குளவீ! ஓடுங்கடீ! குளவீ!"

கூடைகள் உருண்டன. இருபத்தெட்டுப் பெண்களும் சரிவில் இறங்கி ஓடினார்கள். கந்தப்பனும் சும்மா நிற்கவில்லை. மெசினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி, கதவைத் தாழிட்டு, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

இரவில் அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி நாகலெட்சுமியும் அதையே சொன்னாள்.

"மேட்டு மலையில குளவி. கங்காணி எங்கள ரோட்டோரத்து மட்ட மலைக்கு மாத்திட்டாரு."

"யாருக்கும் கொட்டலையே?"

"இல்ல. நாளைக்கு மறுபடி மேட்டு மலைதானாம். அந்தச் செங்குத்துல, அந்த அட்டைக்கடியில..." என்று இழுத்தவள், "மேச என்னாச்சு?" என்றாள்.

"இன்னும் ஒரு பக்கம்கூடத் தேச்சு முடியல."

"அவசரமே இல்ல. மெதுவாத் தேயுங்க. நாளைக்கு எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து 'அவசரமில்லை' என்ற சொல் வந்ததே இல்லை. கந்தப்பன் நெகிழ்ந்துபோய், "பத்து மணிக்கு" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மெசினைப் போட்டார். "குளவீ!" என்ற அலறல். நிறுத்தினார். மலையில் சத்தம் அடங்கியது. யோசித்தபடி மீண்டும் ஒரு நொடி போட்டு நிறுத்தினார். பாதையில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த ராக்காயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமெடுத்தார்.

கந்தப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. குளவி இல்லை, தன் மெசின்தான்! அதிலும் ராக்காயி அக்கா போன வருடம் உண்மையாகவே குளவி கொட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அவரை ஓட வைத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் இருபத்தெட்டுப் பேரும் வாசலுக்கு வருவார்கள். முதல் ஆளாக நாகலெட்சுமி வருவாள். மேசையோ பாதியில் நிற்கிறது. சர்மிளா வேறு அடுக்க வேண்டிய புத்தகங்களைப் பிரித்து வைத்துவிட்டாள்.

சத்தத்தை அடக்கினால் போதும் என்று முடிவு செய்தார். மூன்றாம் நாள் மெசினை ஒரு வெற்றுத் தகரப் பீப்பாய்க்குள் இறக்கி, கையை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டார். பீப்பாய் அந்தச் சத்தத்தை வாங்கி நாலு மடங்காக்கித் தந்தது. மேட்டு மலையோடு அதற்கு அப்பாலிருந்த மலையும் காலியானது.

அரை மணி நேரத்தில் செல்லசாமி கங்காணி தீப்பந்தமும் ஏணியுமாக வந்து நின்றார்.

"சத்தம் ஒங்க லயத்துப் பக்கமிருந்துதான் வருது கந்தப்பன். கூடு இங்கதான் எங்கயோ இருக்கு."

"இங்க இருக்காதுங்களே..."

"அது சரி, நீங்க என்ன முழுக்க வெள்ளையா இருக்கீங்க?"

கந்தப்பன் மீசையிலிருந்த மரத்தூளைத் துடைத்தார். "பவுடருங்க."

"தலையிலயுமா?"

"வேர்வைக்கு."

"இந்தக் குளிர்லயா?" கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு ஆளுகளோட வந்து லயத்துக் கூரையக் கழட்டிப் பார்த்துருவோம். கூட்டக் கொளுத்தாம விடப்போறதில்ல."

கூரையா! மழைக்காலத்தில் பன்னிரண்டு குடும்பமும் வானத்தைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கும்? கங்காணி அந்தப் பக்கம் போனதும் கந்தப்பன் மெசினை உரச்சாக்கில் போட்டுக் கட்டினார். நஸாரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம், மகள் கட்டிலிலேயே படித்துப் பாஸாகட்டும் என்று பஸ் பிடிக்க நடந்தார்.

சரிவில்லாத ரோட்டோரத்து மட்ட மலையில் பெண்கள் கதை பேசியபடி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராக்காயி மட்டும் கூடையோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன் தம்பி மொகம் இப்பிடிச் செத்துப்போயிருக்கு?"

"நாளைக்கு லயத்துக் கூரையக் கழட்டப் போறாங்களாம்க்கா."

"யாரும் கழட்ட மாட்டாங்க. கூடு ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காட்டுல இருக்குன்னு இப்பதான் கங்காணிகிட்ட சொன்னேன். ஏணியத் தூக்கிட்டுப் போறாரு."

கந்தப்பனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவிடாமல் மனசாட்சி மறித்தது. சாக்கை இறக்கி வைத்து, வாயைப் பிரித்துக் காட்டினார்.

"கூடே இல்லக்கா. குளவியும் இல்ல. இந்த மெசின்தான் அப்பிடிச் சத்தம் போட்டது. மூணு நாளா ஒங்களையெல்லாம் ஓட விட்டுட்டேன். அதுவும் ஒங்கள! மன்னிச்சிருங்கக்கா. இதத் திருப்பிக் குடுக்கத்தான் போறேன்."

பறித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. நாகலெட்சுமியின் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று கந்தப்பன் பயந்தார்.

ராக்காயி சாக்கின் வாயை மூடி, அதைத் தூக்கி அவர் தோளிலேயே வைத்தார்.

"நாலு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தவளுக்குக் குளவிச் சத்தம் தெரியாதா தம்பி? பேசாம மெசின வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்கும் எங்களுக்கு மேட்டு மலதான், சரியாப் பத்து மணிக்குப் போட்டுருங்க. மொதல்ல கத்துறது எப்பவும்போல ஒங்க வீட்டுக்காரிதான்!"