வாய் மூடிய மூலக்கூறு

2024 மார்ச் 14, வியாழன். வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். வெந்நீர், செய்தித்தாள், சட்டைக்கு இஸ்திரி. பிறகு விருதுநகரிலிருந்து பேருந்தில் தாயில்பட்டிக்கு, அக்கா குடும்பத்தைக் காப்பாற்றக் கிளம்பினேன். (அப்படித்தான் நினைத்தேன்.)

அங்கே அத்தான் பட்டாசு ஆலை வைத்திருக்கிறார். முந்தின வாரம் பக்கத்து ஆலை வெடித்ததில் தெரிந்த முகங்கள் சில போய்விட்டன. அதன்பின் அத்தானின் ஆட்களும் வேலைக்கு வர மறுத்தார்கள். இந்த சீசன் தவறினால் ஆலை கைவிட்டுப் போகும்.

"மாப்ள, நீங்க கெமிஸ்ட்ரி டாக்டரு. பயமில்லன்னு நீங்க சொன்னா நம்புவாக" என்று அத்தான் முந்தின நாள் போனில் அழைத்திருந்தார்.

டாக்டர்தான். ஆனால் என் வேதியியல், நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகங்களைப் பற்றியது. கடைசியாக என் கையால் நான் கலக்கியது தோசை மாவு.

வேப்பமரத்தடியில் கூடியிருந்தவர்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேகம் தன் எடையாலேயே உள்ளே சரியும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. மூலக்கூறுகள் அனுப்பும் ரேடியோ அலைகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கார்பன் மோனாக்சைடு சதா வாயாடும். நடுப்பகுதி குளிர்ந்து நெருங்கியதும் அது தூசியில் பனியாக ஒட்டிக்கொண்டு வாயை மூடிவிடும்.

"அது பேச்சை நிறுத்தினால் சரிவு நெருங்கிவிட்டது!" என்று கையைத் தட்டினேன்.

முன்னால் இருந்த முத்துமாரி கேட்டாள்: "அப்ப, சதா கத்துறது வாய மூடிட்டா ஆபத்துங்கிறீக?"

"அதேதான்மா!" (எனக்கு எவ்வளவு பூரிப்பு!)

எல்லாத் தலைகளும் போர்மேன் பால்ராஜ் பக்கம் திரும்பின.

"ஏண்ணே, ஒரு வாரமா எங்கள ஒரு ஏச்சு ஏசலையே?" என்றாள் முத்துமாரி.

பால்ராஜ் அத்தானைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வெடிமருந்து கலக்குற ரூம்ல ரப்பர் விரிப்பு கிழிஞ்சு வெறும் சிமிண்டு தெரியுது. உரசுனா போச்சு. மொதலாளிட்ட சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு."

எல்லோரும் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"நல்லாச் சொன்னீக சார்" என்று முத்துமாரி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அத்தான் வீடுவரை வாய் திறக்கவில்லை. இன்றும் அவர் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டால் அக்கா என்னை அழைப்பாள்: "ஏலே, மேகம் சரியுதான்னு வந்து பாரு." எல்லோரும் சிரிப்போம். அத்தான் மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை, பல்கூடத் தேய்க்காமல், அவர் முதல் வேலையாக ஆர்டர் கொடுத்தவரை போனில் பிடித்தார்.

"இந்த சீசன் எங்கட்ட சரக்கு இல்ல, அண்ணாச்சி."