ஆடியில் வந்த மாப்பிள்ளை

டாக்டர் நம்மிடம் கேட்கும் கேள்விக்கு மாமியாரைப் பதில் சொல்லவிட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். இன்றைக்கும் கம்பம் கடைவீதியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறவள் நான்.

தொண்ணூத்தெட்டில் எனக்குத் தலை ஆடி. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நான் உத்தமபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கம்பத்தில் இருந்த என் வீட்டுக்காரரோ, திராட்சைத் தோட்டத்து மோட்டார் எரிந்துவிட்டது, செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டவேண்டும் என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அங்கே வந்து வந்து தங்கினார். (காயில் கட்டும் கடை கம்பத்திலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை.)

அப்புறம் நான் உண்டானதும் ஆஸ்பத்திரி. கடைசியாக வீட்டுவிலக்கு ஆனது எப்போது என்று டாக்டரம்மா கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்.

"ஆனியில டாக்டரம்மா. ஆடி பூராம் அவ ஆத்தா வீட்டுலல்ல இருந்தா!"

உண்மையில் அது ஆடி பிறந்த பிறகு. வெட்கம் பிடுங்கித் தின்றது, பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். என் பிள்ளை வயிற்றிலேயே ஒரு மாதம் மூத்ததாகிவிட்டது. "மாசத்துக்கேத்த வளர்த்தி இல்லையே" என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, அத்தை எனக்கு முருங்கைக்கீரை போட்டே மரத்தை மொட்டையாக்கினார்.

பங்குனிக் கடைசியில் டாக்டரம்மா, "நாள் தாண்டிப்போச்சு, நாளைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம்" என்றார்.

தானாக வலி வந்து பெற்றுக்கொள்ளவேண்டும் என்பது என் ஆசை. அதைவிட, மாதம் நிறையாத பிள்ளையை எடுத்து அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"வேணாம் டாக்டரம்மா, எனக்கு இன்னும் மாசம் நெறையல."

"ஏத்தா, சும்மா இரு. நான் கணக்குப் பாத்துத்தான சொன்னேன்!"

"அது தப்புக்கணக்கு அத்தை! ஆடியில அவுக வந்தாக! மோட்டாரு மூணு தடவ எரிஞ்சுச்சு!"

அந்த அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். வெளியே பெஞ்சில் பாதிக் கம்பமே உட்கார்ந்திருந்தது. முதலில் ஒரு அம்மா சிரித்தார், பிறகு மொத்தப் பெஞ்சும். பிளாஸ்க்கோடு நின்ற என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு போய்த்தான் நின்றாராம்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்தினார். வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தை திரும்பி, "அப்ப மோட்டாரு எரியவே இல்லையாத்தா?" என்றார்.

சித்திரையில் தானாகவே வலி கண்டு மகள் பிறந்தாள். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மானம்தான் போயிற்று. இப்போதும் ஆடி பிறந்தால் சொந்தக்காரர்கள் என் வீட்டுக்காரரிடம், "என்ன மாப்ளே, காயில் கட்டணுமா?" என்கிறார்கள்.

இரண்டாவது உண்டானபோது டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். அத்தை வாயைத் திறந்தார், மூடினார், பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீயே சொல்லுத்தா. நான் வெளிய பெஞ்சுல இருக்கேன். அங்கனயே நல்லாக் கேக்கும்."