கனமூலையில் கடல் எங்கே?

கற்பிட்டியில், சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொன்னால் "எத்தனை நாள் பாத்தீங்க?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் காரியாலயத்தில் எல்லாருக்கும் அண்ணனான 'எதுக்கும் நானா'. புள்ளிவிபரப் பிரிவில் இருந்தார். "எதுக்கும் ஒருக்காப் பாப்பம்" என்பதே அவர் பேச்சில் பாதி.

நாளை மழை என்று மூன்று பேர் சொன்னதாக ஒருமுறை அவரிடம் சொன்னேன். "மூணு பேரும் ஒரே ஆள்ட்ட கேட்டிருந்தா அது ஒரு ஆள்தானே?" என்றார். விசாரித்தேன். மூவரும் கன்டீன்காரரிடம் கேட்டிருந்தார்கள். கன்டீன்காரர் என்னிடம் கேட்டிருந்தார். நான் யாரிடம் கேட்டேன் என்று நாட்குறிப்பில் தேடினேன்; இல்லை.

பயிற்சிக்கு வந்திருந்த சஹ்ரா, தன் பட்டத்துக்காக மூன்று ஊர்க் கருவாட்டின் உப்பளவை ஒப்பிட்டாள். திங்கட்கிழமை ஆய்வை ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் வீண். வியாழன் காலை கணினி முன்னாலிருந்து துள்ளி எழுந்தாள்.

"நானா, மூணு ஊருக்கிடையில வித்தியாசம் இரிக்கி!"

"எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும்?"

"அது... சும்மா இரிக்கி."

"சும்மா இரிக்கிறது பூனை, மகள். முதல்ல எதுக்கும் பாப்பம்."

மத்தியானம் வரை அனுமானங்களைச் சரிபார்த்தார். அளவுகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றனவா, மூன்று ஊரிலும் ஒரேயளவாகச் சிதறியிருக்கின்றனவா என்று படம் படமாகக் கீறினார். எனக்கு எல்லாமே கவிழ்த்த சட்டியாகத் தெரிந்தன. "பரவாயில்ல" என்றார். அடுத்தது, ஊர்களைச் சோடி சோடியாக ஒப்பிடும் பின்சோதனை.

"சாதாரணமா மூணு தரம் ஒப்பிட்டாப் போதாதா?" என்றேன்.

"திரும்பத் திரும்பப் பாத்தா, இல்லாத வித்தியாசமும் ஒரு தரம் இரிக்கிற மாதிரிக் காட்டும். இது அதுக்குக் கடிவாளம் போட்ட சோதனை."

தலையாட்டினேன். விளங்கவில்லை.

மூன்று ஊர்களில் பள்ளிவாசல்துறை தனித்து நின்றது. கண்டக்குழியும் கனமூலையும் உப்பில் இரட்டைப் பிள்ளைகள்.

நானா கண்ணாடியைக் கழற்றினார். "மகள், கனமூலைல கடல் எங்க?"

சஹ்ரா, கருவாடு வாங்கிய கனமூலைக் கடைக்காரருக்குப் போன் எடுத்தாள். "கடலா? நாங்க தோட்டக்காரர், பிள்ள. கருவாடு கண்டக்குழியால வாற!"

மூன்று ஊர் இரண்டாயிற்று. சஹ்ரா மேசையில் தலைவைத்து அழுதாள்.

"அழுறதுக்கு முதல் எதுக்கும்..."

"நானா!" என்று கத்தினேன்.

மறுநாள் அவர் லீவு போட்டு, எங்கள் இருவரையும் ஆட்டோவில் ஏற்றினார். தானே மீன் பிடித்துத் தானே உப்புப் போடும் இன்னொரு கரையூரைத் தேடினார். ஒவ்வொரு மீனவர் வாடியிலும் "இது உங்கட மீன்தானா?" என்று கேட்டு, அடி வாங்காத குறையாக, மூன்றாவது ஊர்க் கருவாட்டோடு ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்பினோம். சஹ்ரா இரண்டு நாளில் உப்பளந்து முடித்தாள். திங்கள் ஆய்வு போய்ச் சேர்ந்தது. இப்போது அவள் பட்டதாரி.

அதன்பின் நானாவுக்கு இடமாற்றம் வந்தது. போன செவ்வாய், அவர் திரும்பி வருகிறாராம் என்று மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் கன்டீன்காரரிடம் கேட்டவர்கள். அவர் யாரிடம் கேட்டார் என்று மட்டும் நான் விசாரிக்கவில்லை.

எதுக்கும் என்று, நானா உட்காரும் கதிரையைத் துடைத்து வைத்தேன்.